தொப்பிக்காரரின் கல்யாணக் கணக்கு: குவேக்கர் கேலிப்படங்கள் பற்றி ஓர் இழை

மார்ச் 3, மாலை (கேள்வி: வாசகர் ‘திண்ணைவாசி’)

அண்ணா, பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு ஆங்கில அச்சுப்படம் கிடைத்தது. குவேக்கர் ஓட்ஸ் டப்பாவில் இருப்பாரே, அதே மாதிரி அகலத் தொப்பி போட்ட ஒரு ஆள் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் வெள்ளைக் குல்லா போட்ட இளம்பெண், அவள் மடியில் பணப்பை. பின்னால் ஒரு கிழவி கண்ணை மேலே சொருகிக்கொண்டு கைகளைக் கோத்திருக்கிறாள். படத்துக்குக் கீழே இருந்த எழுத்தை எவரோ கத்தரித்து எடுத்துவிட்டார்கள். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் எளிமையானவர்கள், அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர்கள் என்றுதான் படித்திருக்கிறேன். அவர்களைப் போய்ப் பணத்துக்காகக் கல்யாணம் செய்கிறவர்கள் என்று கிண்டல் அடிப்பானேன்? நிஜமாகவே அப்படியா, இல்லை வயிற்றெரிச்சலா?

மார்ச் 3, இரவு

முதலில் டப்பாவை ஓரமாக வைத்துவிடலாம். ஓட்ஸ் கம்பெனிக்கும் குவேக்கர்களுக்கும் சம்பந்தமே கிடையாது. 1877இல் அமெரிக்காவில் அந்த உருவத்தை வணிகச் சின்னமாகப் பதிவு செய்தார்கள். குவேக்கர் என்றால் நாணயமானவர், எடையில் ஏமாற்றமாட்டார் என்று ஒரு பெயர் ஊரில் இருந்தது. அந்தப் பெயரை இனாமாக எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

உன் படத்தில் அதே தொப்பிக்கு நேர் எதிரான வேலை. இவ்வளவு நாணயம் பேசுகிறவன் பெண் பார்க்கப் போனால் கண் எங்கே போகிறது பாருங்கள் என்று சொல்ல வந்த படம் அது. நிஜமா, வயிற்றெரிச்சலா என்றால் இரண்டும் உண்டு. எது எவ்வளவு என்பதில்தான் தகராறு. நாளை எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

மார்ச் 4

1650களில் வட இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைச் சுற்றித் திரண்ட கூட்டம் இது. பாதிரியார் வேண்டாம், ஞானஸ்நானம் வேண்டாம், அமைதியாக உட்காருவோம், உள்ளொளி தூண்டினால் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம் என்றார்கள். பெண்களும் பேசலாம். எவருக்கும் தொப்பியைக் கழற்றமாட்டார்கள். நீதிபதியாக இருந்தாலும் ‘நீ’தான். நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் எடுக்கமாட்டார்கள். கோயில் வரி கட்டமாட்டார்கள். இதற்கெல்லாம் ஆயிரக்கணக்கில் சிறைக்குப் போனார்கள்.

அடி விழுந்தது அந்தத் தலைமுறைக்கு. அடுத்த நூற்றாண்டில் நிலைமை மாறிவிட்டது. ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் கதவு அடைப்பு, அரசுப் பதவி கிடையாது, ராணுவம் அவர்களே வேண்டாம் என்றார்கள். மிச்சம் இருந்தது வியாபாரம். பேரம் கிடையாது, சொன்ன விலை ஒரே விலை. குழந்தையை அனுப்பினாலும் ஏமாற்றாமல் கொடுப்பார்கள் என்று கூட்டம் அவர்கள் கடைக்குப் போனது. கோல்புரூக்டேல் டார்பி குடும்பம் இரும்பில், லாயிட், பார்க்லே, கர்னி குடும்பங்கள் வங்கியில், பிற்பாடு ஃப்ரை, கேட்பரி, ரவுண்ட்ரீ சாக்லேட்டில். பணம் சேர்ந்தது. உடை மட்டும் அதே சாம்பலும் பழுப்பும். ஆனால் தொட்டுப் பார்த்தால் உயர்ந்த ரகத் துணி. இந்த முரணைக் கண்டுபிடிக்கக் கேலிப்படக்காரனுக்கு மூளைகூட வேண்டாம், கண் இருந்தால் போதும்.

அச்சுப்படத் தொழிலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு, கையால் சாயம் பூசி விற்ற ஒற்றைத் தாள்கள் இவை. லண்டனில் பவுல்ஸ், சேயர், பிறகு ஃபோர்ஸ், ஹன்னா ஹம்ஃப்ரி, டெக் என்று கடைகள். ஜன்னல் கண்ணாடி முழுக்கப் புதுப் படங்களை மாட்டிவைப்பார்கள், காசில்லாதவன் தெருவில் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போவான். ஃபோர்ஸ் கடையில் ஒரு சாயங்காலத்துக்கு மட்டும் படத் தொகுப்பை வாடகைக்குக் கொடுத்தார்கள். விருந்துக்கு வருகிறவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு புரட்டிச் சிரிக்க.

மார்ச் 4, மதியம்

திண்ணைவாசிக்கு: அடியில் கத்தரித்தது பெரிய நஷ்டம். ஓவியர் ஹோகார்த் முன்னின்று வாங்கிய 1735 பதிப்புரிமைச் சட்டப்படி பதிப்பாளர் பெயரும் தேதியும் தகட்டிலேயே இருக்க வேண்டும். அந்த வரி போனால் வயசு போயிற்று. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார். நெருக்கமாகக் கோடு கோடாகத் தெரிந்தால் பழைய முறைத் தாள், சீராக ஒன்றும் தெரியாமல் இருந்தால் பிந்திய முறைத் தாள். நீர்க்குறியில் வருடம் ஏதாவது தெரிந்தால் 1794 அல்லது அதற்குப் பிந்திய தாளாக இருக்க நல்ல வாய்ப்பு. ஆனால் தாள் புதிது என்பதால் தகடும் புதிது என்று சொல்லிவிட முடியாது. ஓடுகிற படத்தின் தகட்டைப் பல வருடம் கழித்தும் எடுத்து அச்சிட்டுத் தள்ளுவார்கள், தேதியைச் சுரண்டி மாற்றிக்கூட.

மார்ச் 6

‘புதுவை அக்கா’ என்ற பெயரில் எழுதும் வாசகி கேட்டிருக்கிறார்: “எல்லாரும் கிழட்டுப் பணக்காரன் இளம்பெண்ணை வாங்குகிறான் என்றே படிக்கிறீர்கள். பை யார் மடியில் இருக்கிறது என்று பாருங்கள் ஐயா.”

நல்ல கேள்வி. பை அவள் மடியில். ஆக, பணம் அவளுடையது, வந்தவர்தான் வேட்டைக்காரர் என்றும் படிக்கலாம். இன்னொன்றும் உண்டு. பையை அவர் கொடுத்து அவள் வாங்கி வைத்திருக்கலாம். அப்படியானால் விற்பனை முடிந்துவிட்டது. படத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியவில்லை. பின்னால் இருக்கும் கிழவி தாயா, தரகரா, வழிபாட்டுக் கூட்டத்து மூத்தவரா என்பதும் தெரியவில்லை. மேலே பார்க்கும் கண் மட்டும் இந்த வகைப் படங்களில் நிரந்தர உறுப்பினர். வானத்தைப் பார்க்கிற மாதிரி இருக்கும், காது பணச் சத்தத்தில் இருக்கும்.

அன்றைய ஆங்கிலச் சட்டத்தைச் சேர்த்துப் படித்தால் கசப்பு இன்னும் கூடும். கல்யாணம் ஆனதும் மனைவியின் ரொக்கம், நகை, சாமான் எல்லாம் கணவனுடையது. முன்கூட்டியே அறக்கட்டளை மாதிரி எழுதி வைத்தால்தான் தப்பும். 1870, 1882 சட்டங்கள் வரும்வரை இதே கதை. பை இன்று அவள் மடியில் இருக்கிறது, நாளைக் காலை இருக்காது.

மார்ச் 6, இரவு

ஒன்று சேர்க்க மறந்தேன். பணக் கல்யாணத்தைக் கிண்டல் அடிப்பது குவேக்கர்களுக்கென்று ஒதுக்கிய மரியாதை அல்ல. ஹோகார்த்தின் 1735ஆம் வருடத் தொடரில் ஐந்தாவது படத்தைப் பாருங்கள். சொத்தைத் தொலைத்த ஊதாரி, ஒற்றைக் கண் கிழவி ஒருத்தியை மேரிலபோன் பழைய தேவாலயத்தில் கட்டிக்கொள்கிறான். மோதிரம் போடும்போதே அவன் பார்வை அவளுடைய வேலைக்காரப் பெண் மேல். பத்துக் கட்டளைப் பலகையில் விரிசல். ஏழைகள் உண்டியல் வாயில் சிலந்தி வலை. பத்து வருடம் கழித்து நொடித்த பிரபுவின் மகனுக்கும் பணக்கார வியாபாரியின் மகளுக்கும் நடக்கும் கல்யாணத்தை ஆறு படங்களாகவே போட்டார்.

வெட்கமும் கிடையாது அந்த ஊரில். 1731இல் தொடங்கிய ஜென்டில்மேன்ஸ் மேகசின் கல்யாணச் செய்தி போடும்போது மணமகள் பெயருக்குப் பக்கத்தில் இத்தனை ஆயிரம் பவுண்டு என்று சேர்த்தே அச்சிட்டது. நம் ஊரில் ‘சவரன்’ விசாரிப்பதை மட்டுமாவது பத்திரிகையில் போடாமல் காதோடு வைத்துக்கொள்கிறோம்.

ஊரே இப்படி இருக்க, குவேக்கர் மேல் மட்டும் ஏன் தனிச் சிரிப்பு? ஒரு காரணம் சுத்தமாகத் தொழில் சம்பந்தப்பட்டது என்று நினைக்கிறேன். வங்கிக்காரன், துணிக்கடைக்காரன், வக்கீல் என்று வரைந்தால் யாரென்று எழுதிக் காட்ட வேண்டும். தொப்பியும் குல்லாவும் வரைந்தால் எழுத்தே வேண்டாம். தெருவில் போகிறவனுக்கு அரை நொடியில் புரியும்.

மார்ச் 9

படக்காரர்களுக்கு முன்னால் நாடகக்காரர்கள் இந்த வயலை உழுதுவிட்டார்கள். சூசன்னா சென்ட்லிவர் 1718இல் ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினார். ஆன் லவ்லி என்ற பெண்ணுக்கு 30,000 பவுண்டு சொத்து. ஆனால் நான்கு காப்பாளர்களும் ஒப்புக்கொண்டால்தான் கல்யாணம், சொத்து. ஒருவன் ஃபேஷன் பித்துப் பிடித்த கிழவன், ஒருவன் பழம்பொருள் பைத்தியம், ஒருவன் பங்குச்சந்தைத் தரகன், நாலாவது ஆள் ஒபதையா ப்ரிம் என்ற குவேக்கர். காதலனான கர்னல் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு வேஷம் போடுகிறான். குவேக்கரிடம் போகும்போது சைமன் ப்யூர் என்ற பிரசங்கியாகப் போகிறான். ஆவி தன்னைத் தூண்டுகிறது என்கிறான், பெண்ணும் தனக்கும் தூண்டுகிறது என்கிறாள், ப்ரிம் உருகிப்போய்க் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். உண்மையான சைமன் ப்யூர் சாட்சிகளோடு வந்து சேரும்போது காரியம் முடிந்திருக்கும்.

இதில் எனக்குப் பிடித்தது, வேட்டைக்காரன் குவேக்கர் இல்லை. குவேக்கர் பூட்டு, ராணுவக்காரன் கள்ளச்சாவி. பணத்தைத் தேடி வருகிறவன் கதாநாயகன், ஏனென்றால் பெண்ணுக்கு அவனைப் பிடித்திருக்கிறது. ஒபதையா என்ற பெயரே அப்புறம் குவேக்கருக்குப் பட்டப்பெயர் மாதிரி ஆகிவிட்டது. அமினதாப் என்றும் கூப்பிட்டார்கள்.

1775இல் டிப்டின் எழுதிய ஓர் இசை நாடகத்தில் ஸ்டெடி என்ற வசதியான வயதான குவேக்கர் இளம்பெண்ணைக் கட்ட ஆசைப்பட்டு, கடைசியில் அவள் காதலனுக்கே விட்டுக்கொடுக்கிறார். மேடைக் குவேக்கருக்கு இந்த நல்ல முடிவாவது உண்டு. தாளில் வரைந்த குவேக்கருக்கு மனம் மாற நேரம் கிடையாது, காலத்துக்கும் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மார்ச் 12

குவேக்கர் கல்யாணத்தை நேரில் பார்த்திருக்கிறீர்களா என்று இரண்டு பேர் கேட்டார்கள். பார்த்திருக்கிறேன். பர்மிங்காமில் இருந்தபோது கூட வேலை பார்த்தவரின் மகள் கல்யாணம். வழக்கம்போல மொய்க் கவரில் ஒற்றைப்படையாகப் பணம் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். போனால் மேடை இல்லை, பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், பேச்சு மூச்சு இல்லை. தாமதமாக வந்துவிட்டேனோ, எழவு வீட்டுக்கு வந்துவிட்டேனோ என்று ஒரு நிமிடம் திகைத்தேன்.

திடீரென்று பெண்ணும் பையனும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டு, அவன் ஒரு வாக்கியம், அவள் ஒரு வாக்கியம். மறுபடி அமைதி. ஒரு கிழவர் எழுந்து அந்தப் பெண் சின்ன வயதில் நாய்க்குட்டிக்குச் சோறு ஊட்டியதைச் சொன்னார். மறுபடி அமைதி. அப்புறம் ஒரு பெரிய தாளைக் கொண்டுவந்து விரித்தார்கள். வந்தவர் அத்தனை பேரும் சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும். குழந்தைகளும் போட்டார்கள். நான் தமிழில் போட்டேன். மொய் நோட்டு மாதிரியேதான், தொகை எழுதும் பத்தி மட்டும் இல்லை. கவரை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கடைசியில் பெண்ணின் அப்பா கையில் திணித்தேன். அவர் வாழ்த்து அட்டை என்று நினைத்து அங்கேயே பிரித்துவிட்டார். பவுண்டு நோட்டும் ஒற்றை நாணயமும் கீழே விழுந்து உருண்டது. அந்த அமைதியில் நாணயம் உருண்ட சத்தம் இருக்கிறதே... படக்காரன் யாராவது இருந்திருந்தால் வரைந்திருப்பான்.

மார்ச் 12, பின்னிரவு

அந்தக் கூட்டத்தில் ஒரு பாட்டி பழைய நடைமுறையைச் சொன்னார், பிறகு படித்தும் பார்த்தேன். அந்தக் காலத்தில் கல்யாணம் செய்ய நினைத்தால் ஊர்க் குவேக்கர்களின் நிர்வாகக் கூட்டமான மாதக் கூட்டத்தில் இரண்டு தடவை போய் எழுந்து நின்று சொல்ல வேண்டும். நடுவில் ஆட்களை நியமித்து விசாரிப்பார்கள்: வேறு யாருக்காவது வாக்குக் கொடுத்திருக்கிறாயா, பெற்றோர் சம்மதமா, விதவையாக இருந்தால் முதல் கணவரின் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய சொத்தை எழுதி வைத்தாயிற்றா.

கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். ஊர் நடுவே பணக் கணக்குப் பேசுகிறார்கள்தான். ஆனால் அப்பா இல்லாத பிள்ளைகளின் பங்கை வரப்போகிறவன் விழுங்கிவிடக் கூடாது என்பதற்காக. வெளியே இருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் இதுவும் ‘கல்யாணப் பேச்சில் சொத்து விவரம்’ என்றுதான் தெரியும்.

மார்ச் 13

‘வயிற்றெரிச்சல்தான்’ கட்சிக்காரர்கள் நேற்றைய குறிப்பைப் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். குவேக்கர்களின் தலைமை அமைப்பான லண்டன் ஆண்டுக் கூட்டமே பெற்றோருக்கு ஓர் அறிவுரை அனுப்பியது: பிள்ளைகளுக்குப் பெரிய சீதனமும் சொத்து ஒப்பந்தமும் பிடிப்பதை முதல் கவலையாக வைக்காதீர்கள், பக்தியுள்ள துணையைத் தேடுங்கள் என்று. யாரும் செய்யாத காரியத்தைச் செய்யாதே என்று எவனும் சுற்றறிக்கை விடமாட்டான். படக்காரனுக்குத் தெரிந்தது அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

மார்ச் 15

ஆரம்பத்தில் எப்படி இருந்தது என்று பார்த்தால் வேறு மாதிரி. 1669இல் பிரிஸ்டலில் ஜார்ஜ் ஃபாக்ஸ் மார்கரெட் ஃபெல்லைக் கல்யாணம் செய்தார். அவர் நீதிபதி தாமஸ் ஃபெல்லின் விதவை, ஸ்வார்த்மூர் ஹால் என்ற பெரிய வீடு, வளர்ந்த பிள்ளைகள், ஃபாக்ஸைவிடப் பத்து வயது மூத்தவர். கேலிப்படத்துக்கு இதைவிடத் தோதான ஜோடி கிடைக்காது: சொத்தில்லாத பிரசங்கி, பணக்கார விதவை.

ஃபாக்ஸ் என்ன செய்தார்? கல்யாணத்துக்கு முன்னால் அம்மாவின் பிள்ளைகளைக் கூப்பிட்டு, உங்கள் அப்பா உயிலில் எழுதியது உங்களுக்குச் சேர்ந்ததா, இந்தக் கல்யாணத்தால் உங்களுக்கு நஷ்டம் உண்டா என்று கேட்டார். மகள்களும் மருமகன்களும் அதெல்லாம் பேச வேண்டாம் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். அவர் விடவில்லை, எனக்கு இதில் வெளி லாபம் ஒன்றும் வேண்டாம், எல்லாம் வெளிப்படையாக இருக்கட்டும் என்றார். மனைவி சொத்தில் கை வைக்கமாட்டேன் என்று ஒதுங்கினார். சட்டம் முழுக்க அவர் பக்கம் இருந்த காலத்தில். மகன் ஜார்ஜ் ஃபெல்லுக்கு மட்டும் இந்தக் கல்யாணமே பிடிக்கவில்லை, அது வேறு கதை.

எனக்குப் படுவது இதுதான். படக்காரர்கள் குவேக்கர்களை அடித்தது குவேக்கர்கள் கையில் இருந்த அளவுகோலால். ஹோகார்த் வரைந்த பிரபு நான் எளியவன் என்று எப்போதும் சொல்லிக்கொண்டதில்லை. அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறந்துவிடலாம். தொப்பிக்காரர் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 16

“அப்படியானால் நம் ஊர் ஜாதிக்குள் கல்யாணம் மாதிரிதானே?” என்று ‘மெய்யப்பன்’.

பாதி. 1737இலிருந்து குவேக்கர் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை பிறப்பாலேயே உறுப்பினர். வெளியில் கல்யாணம் செய்தாலோ பாதிரியார் முன்னால் செய்தாலோ விலக்கிவிடுவார்கள். இதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் விலக்கப்பட்டவர் வழிபாட்டுக்கு வந்து உட்காரலாம், நிர்வாகக் கூட்டத்தில்தான் இடமில்லை. கொலை, அரிவாள் எல்லாம் இல்லை. ஒப்பிடுவதற்கு முன் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் சிறிது, அதிலும் பணக்காரர் சிலர். உள்ளேதான் கட்ட வேண்டும் என்றால் வங்கிக்காரன் மகள் வங்கிக்காரன் மகனைத்தான் கட்டுவாள். லண்டன் லம்பார்ட் தெருவில் ஃப்ரீம் குடும்பத்து வங்கியில் 1736இல் கூட்டாளியாக வந்த ஜேம்ஸ் பார்க்லே, ஜோசஃப் ஃப்ரீமுக்கு மைத்துனர். அந்த மைத்துனர் பெயர்தான் இன்றும் உலகம் முழுக்கப் பலகையில் இருக்கிறது. 1896இல் இருபது தனியார் வங்கிகள் சேர்ந்து ஒரே கம்பெனி ஆனபோது பார்க்லே, கர்னி, பேக்ஹவுஸ் என்று உள்ளே இருந்தவர்கள் பலரும் ஏற்கெனவே சம்பந்திகள். வெளியில் இருந்து பார்த்தவனுக்கு ஒவ்வொரு கல்யாணமும் கணக்குப் புத்தக இணைப்பாகத் தெரிந்ததில் ஆச்சரியம் இல்லை. உள்ளே இருந்த பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்பதை எந்தப் படமும் கேட்கவில்லை.

மார்ச் 16, மாலை

ஒரு வேடிக்கை. 1753இல் ஹார்ட்விக் பிரபு கொண்டுவந்த கல்யாணச் சட்டத்தின் முக்கிய நோக்கங்களில் ஒன்று, சொத்துள்ள பெண்களை மயக்கி ரகசியமாகக் கட்டிக்கொண்டு ஓடுகிறவர்களைத் தடுப்பது. தேவாலயத்தில், பகிரங்க அறிவிப்போடு செய்தால்தான் செல்லும் என்றார்கள். விதிவிலக்கு இரண்டு கூட்டத்துக்கு: யூதர்கள், குவேக்கர்கள். அவர்கள் முறையே போதுமான பகிரங்கம் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. பணக் கல்யாணத்தைத் தடுக்க வந்த சட்டம் யாரை நம்பி விட்டுவிட்டதோ, அவர்களைத்தான் படக்கடை ஜன்னல் பிடித்துக்கொண்டது.

மார்ச் 19

ஹன்னா லைட்ஃபுட் பற்றிக் கேட்டவருக்கு: மூன்றாம் ஜார்ஜ் இளவரசராக இருந்தபோது அவரை ரகசியமாகக் கல்யாணம் செய்த ‘அழகிய குவேக்கர் பெண்’ என்பது வெறும் வதந்தி. பதிவில் இருப்பது, 1753இல் மேஃபேரில் கீத்தின் தேவாலயத்தில் ஐசக் ஆக்ஸ்ஃபர்ட் என்பவரோடு கல்யாணம், 1756இல் வெஸ்ட்மின்ஸ்டர் மாதக் கூட்டம் அவரை விலக்கியது. காரணம் அரசர் இல்லை, பாதிரியார்.

மார்ச் 22

இரண்டு நாளாக ஒரு சந்தேகம். கேலிப்படங்களை முழுக்கப் பணத்தோடு கட்டிப் பேசிவிட்டோமோ? டச்சு ஓவியர் ஹீம்ஸ்கெர்க் வரைந்து, பலமுறை அச்சான பழைய குவேக்கர் கூட்டப் படத்தைப் பார்த்தால் அதில் சிரிப்புக்குக் காரணம் ஒரு பெண் கவிழ்த்த தொட்டி மேல் ஏறி நின்று பிரசங்கம் செய்வது. காசு எங்கும் இல்லை. உன் படத்தில் கண்ணை மேலே சொருகிய கிழவி அந்தப் பிரசங்கியின் பேத்தியாக இருக்கலாம். பணப்பையை எடுத்துவிட்டாலும் அவளைப் பார்த்து ஆண்கள் சிரித்திருப்பார்கள். பெண்களுக்குத் தனிக் கூட்டம் உண்டு, கல்யாண விசாரணையில் பங்கு உண்டு. மாப்பிள்ளை பார்க்கும் இடத்தில் ஒரு பெண்மணி அதிகாரத்தோடு உட்கார்ந்திருப்பதே அந்தக் காலத்து லண்டன்காரனுக்கு நகைச்சுவை.

‘புதுவை அக்கா’ இதற்கு ஒற்றை வரி எழுதினார்: “இப்போதும்தான்.”

மார்ச் 25

பணக்காரப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதை பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் 1730களிலேயே எழுதிவிட்டார். அப்பன் உழைத்துச் சேர்த்த பணத்தில் பிள்ளைகளுக்குப் பொத்தானும் சரிகைக் கைமடிப்பும் வேண்டியிருக்கிறது, குவேக்கர் என்று சொல்ல வெட்கப்பட்டு ஊரோடு ஒத்துப்போகிறார்கள் என்று.

நார்விச் கர்னி வீட்டுப் பெண் பெட்சி, 1798இல் கோட் லேன் கூட்டத்துக்கு ஊதா நிறப் பூட்ஸில் சிவப்பு நாடா கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். அன்று அமெரிக்கப் பிரசங்கி வில்லியம் சேவரியின் பேச்சைக் கேட்டு அழுதார். 1800இல் ஜோசஃப் ஃப்ரையைக் கட்டினார். சிறைகளுக்குப் போய்ப் பேர் வாங்கிய எலிசபெத் ஃப்ரை அவர்தான். வங்கிக் குடும்பமும் வசதியான வியாபாரக் குடும்பமும் சேர்ந்த கல்யாணம், படக்காரன் கேட்ட மாதிரியே. ஆனால் 1828இல் கணவரின் வங்கி நொடித்தது. கடன் கொடுத்தவர்களுக்கு நஷ்டம் வைத்ததற்காகக் குவேக்கர்கள் ஜோசஃபை விலக்கினார்கள். மனைவி உலகப் புகழ் பெற்றிருந்தும் விலக்கினார்கள். பணத்தில் தவறினால் கல்யாணத்தில் தவறியதற்குக் கிடைக்கும் அதே தண்டனை. இதை நான் எந்தக் கேலிப்படத்திலும் பார்த்ததில்லை.

மார்ச் 25, இரவு

கர்னி என்றதும் ஞாபகம். 1875இல் கில்பர்ட், சல்லிவன் இருவரும் சேர்ந்து படைத்த இசை நாடகத்தில் ஒரு நீதிபதி தன் வாழ்க்கையைப் பாடுகிறார்: பணக்கார வக்கீலின் அழகில்லாத, வயதான மகளைக் காதலித்தேன், வழக்குகள் வந்தன, கர்னிகள் அளவுக்குப் பணக்காரன் ஆனேன், அவளைக் கைவிட்டேன் என்று. கர்னி குடும்பத்தின் ஓவரெண்ட் கர்னி என்ற நிதி நிறுவனம் 1866 மே மாதம் ஏறத்தாழ 1.1 கோடி பவுண்டு கடனோடு கவிழ்ந்து லண்டனே கதறிய கதை அதற்கு ஒன்பது வருடம் முந்தியது. அது கவிழ்ந்த பிறகும் அரங்கில் பணத்துக்கு உவமை கர்னிதான். கல்யாணத்தில் ஏமாற்றுகிறவன் இந்தத் தடவை நீதிபதி என்பது ஒரு முன்னேற்றம்.

மார்ச் 29

இந்த வகைப் படங்கள் எப்போது தேய்ந்தன? ஒரு தேதி சொல்லச் சொன்னால் 1860 வாக்கில் என்பேன். வெளியில் கல்யாணம் செய்தால் விலக்கும் விதி அப்போதுதான் போனது, உறுப்பினர் அல்லாதவரைக் கட்டவும் சட்டம் வழிவிட்டது. அதே சமயத்தில் உடைக் கட்டுப்பாடும் அவரவர் விருப்பம் ஆனது. அதற்கு முந்திய வருடம் ஜான் ஸ்டீஃபன்சன் ரவுண்ட்ரீ என்ற குவேக்கர் எழுதிய பரிசுக் கட்டுரை, கல்யாண விதியாலேயே நாம் தேய்கிறோம் என்று கணக்கோடு காட்டியிருந்தது. தொப்பியும் போய், உள்கல்யாணமும் போனால் படக்காரன் எதை வரைவான்?

ஏப்ரல் 2

கடைசியாக, ‘குவேக்கர்கள் இந்தப் படங்களைப் பார்த்து என்ன சொன்னார்கள்’ என்ற கேள்வி. கட்டுப்பாடான வீடுகளில் படமே மாட்டமாட்டார்கள், எண்ணெய் ஓவியத்தில் முகம் வரைந்துகொள்வதுகூட அகங்காரம், நிழலுருவம் கத்தரித்துக்கொள்வது பரவாயில்லை. தாமஸ் கிளார்க்சன், அடிமை வியாபார எதிர்ப்பாளர், குவேக்கர் அல்ல, ஆனால் அவர்களோடு நெடுங்காலம் பழகியவர். குவேக்கர்களைப் பற்றி 1806இல் மூன்று பாகமாக எழுதினார். பணம் சேர்க்கும் குணம் உள்ளவர்கள் என்ற குற்றச்சாட்டை எடுத்துக்கொண்டு பல பக்கம் மல்லுக்கு நிற்கிறார். அவர் வாதம் எல்லாவற்றையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. செலவு செய்யாதவனிடம் பணம் சேரத்தானே செய்யும் என்கிற மாதிரிப் போகிறது. பணம் எப்படிச் சேர்கிறது என்பதற்கு அது விளக்கம்தான், சேர்த்ததை யாருக்குக் கட்டிக் கொடுக்கிறார்கள் என்பதற்கு அதில் விடை இல்லை.

ஆனால் அவர் தரும் ஒரு விவரம் நன்றாக இருக்கிறது. குவேக்கர் வீட்டுச் சுவரில் அவர் பார்த்த அச்சுப்படங்கள் மூன்றே வகை: பென்சில்வேனியாவை நிறுவிய குவேக்கர் வில்லியம் பென் அமெரிக்கப் பூர்வகுடிகளோடு ஒப்பந்தம் செய்யும் காட்சி, அடிமைகளை அடுக்கி ஏற்றிய கப்பலின் குறுக்குவெட்டு, ஆக்வொர்த் பள்ளியின் கட்டட வரைபடம். கப்பல் படத்தின் 1789 லண்டன் பதிப்பை அச்சிட்ட ஜேம்ஸ் ஃபிலிப்ஸும் குவேக்கர், கடை லம்பார்ட் தெருவை ஒட்டி. ஆக்வொர்த், 1779இல் அதிகம் வசதியில்லாத குவேக்கர் பிள்ளைகளுக்காக யார்க்‌ஷயரில் தொடங்கிய பள்ளி. அங்கே படித்த பெண்களுக்குச் சீதனம் எவ்வளவு என்று ஜென்டில்மேன்ஸ் மேகசின் போட்டிருக்காது.